‘மாசிடோனியா வேலை’ என்றால் எந்த நாட்டு வேலை?

கேள்வி: என் மகன் ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவு முடித்து ஓசூரில் ஒப்பந்த வேலை பார்க்கிறான். தர்மபுரி ஏஜெண்ட் ஒருவர் ஐரோப்பாவில் மாசிடோனியாவுக்கு ஆள் எடுப்பதாகச் சொல்கிறார். “அது கிரீஸ்தான், ஷெங்கன் விசா, யூரோவில் சம்பளம்” என்கிறார். மூன்றரை லட்சம் கேட்கிறார். இணையத்தில் தேடினால் ஒரு பக்கம் தனி நாடு, இன்னொரு பக்கம் கிரீஸின் வட பகுதி என்று வருகிறது. எதை நம்புவது? வேலைக் கடிதத்தின் நகலை இணைத்திருக்கிறேன். (பாலக்கோடு வாசகர்)

பதில்: ஐயா, பணம் இன்னும் கைமாறவில்லை என்றால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

நீங்கள் இணையத்தில் பார்த்த இரண்டுமே சரி. மாசிடோனியா என்ற பெயரில் இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று, தெசலோனிகி நகரம் உள்ள கிரீஸின் வட பகுதி. அங்கே யூரோ செல்லும், பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா செல்லும். மற்றொன்று, 1991இல் யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்த தனி நாடு. தலைநகர் ஸ்கோப்யே, நாணயம் தெனார். ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர 2005 முதல் வரிசையில் நிற்கிறது, இன்னும் சேரவில்லை. அந்த நாட்டு விசாவை வைத்துக்கொண்டு கிரீஸுக்குள் கால் வைக்க முடியாது.

ஏன் இந்தக் குழப்பம் என்பதை நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். 1792இல் திப்பு சுல்தான் ஆங்கிலேயரிடம் விட்டுக்கொடுத்த பாராமகால் இன்று கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருப்பத்தூர் என்று பிரிந்து கிடக்கிறது. திருப்பத்தூர் மட்டும் தன்னை ‘பாராமகால் மாவட்டம்’ என்று அழைத்துக்கொண்டு, கிருஷ்ணகிரிக் கோட்டையைத் தன் முத்திரையில் பொறித்துக்கொண்டால் கிருஷ்ணகிரிக்காரர் சும்மா இருப்பாரா? கிரீஸுக்கு வந்த கோபம் அதுதான். பழைய மாசிடோனிய மன்னர் அலெக்சாண்டர் பிறந்த பெல்லாவும், அவர் தந்தை பிலிப்பின் கல்லறை என்று சொல்லப்படும் வெர்கினாவும் கிரீஸில் இருக்கின்றன. 1977இல் வெர்கினாவில் கிடைத்த தங்கப் பேழை ஒன்றின் மேல் பதினாறு கதிர்ச் சூரியன் இருந்தது. 1992இல் ஸ்கோப்யே அதையே எடுத்துக் கொடியில் வைத்தது. இன்று பெயரையும் சின்னத்தையும் எடுப்பவர்கள் நாளை தெசலோனிகியையும் கேட்பார்கள் என்று கிரீஸ் அஞ்சியது.

ஸ்கோப்யேயின் பேச்சிலும் நியாயம் இல்லாமல் இல்லை. 1913இல் பால்கன் போர்கள் முடிந்தபோது கிரீஸும் செர்பியாவும் பல்கேரியாவும் மாசிடோனிய நிலத்தைப் பங்கு போட்டுக்கொண்டன. பங்கு பிரிந்தால் பெயரும் போய்விடுமா என்று அவர்கள் கேட்கிறார்கள். 1993இல் ‘முன்னாள் யூகோஸ்லாவ் மாசிடோனியக் குடியரசு’ என்ற நீட்டிய பெயரில்தான் ஐ.நா. சபைக்குள் நுழைய முடிந்தது. 1994இல் கிரீஸ் வணிகத் தடை போட்டது, 1995இல் கொடி மாறியது. 2018 ஜூனில் பிரெஸ்பா ஏரிக்கரையில் கையெழுத்தான உடன்பாடு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் அந்த நாட்டின் பெயர் வடக்கு மாசிடோனியா.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். தலைப்பில் சிவப்புக் கொடி, நடுவில் மஞ்சள் சூரியன். கதிர்களை எண்ணிப் பாருங்கள், பதினாறு இருக்கும். இன்றைய கொடியில் எட்டு, அவையும் கொடியின் விளிம்பு வரை விரிந்திருக்கும். 1995இல் கைவிட்ட கொடியைப் போட்டு இந்த ஆண்டு வேலைக் கடிதம் தருகிறார்கள்! கீழே வேலை செய்யும் இடம் தெசலோனிகி என்கிறது. அது கிரீஸ், தொலைபேசிக் குறியீடு 30. அச்சிட்டிருக்கும் எண்ணோ 389 என்று தொடங்குகிறது. அது வடக்கு மாசிடோனியாவின் குறியீடு. வேலை ஒரு நாட்டில், அலுவலகம் இன்னொரு நாட்டில், கொடி எந்த நாட்டிலும் இல்லை. இதற்கா மூன்றரை லட்சம்?

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ‘வடக்கு’ என்ற சொல் இல்லை என்பதற்காக மட்டும் எந்தக் காகிதத்தையும் போலி என்று முடிவு கட்டாதீர்கள். கிரீஸின் நிர்வாகப் பிரிவு ஒன்றின் பெயரே ‘மத்திய மாசிடோனியா’. முகவரியில் அப்படி இருந்தால் அது கிரீஸ், முறையான பெயர்தான். தெசலோனிகி விமான நிலையத்துக்கும் மாசிடோனியா என்றுதான் பெயர். எல்லைக்கு அப்பால் பேசும் மொழியை மாசிடோனிய மொழி என்று சொல்ல உடன்பாடே இடம் தருகிறது. அங்குள்ளவர்கள் இன்றும் வாய்ப்பேச்சில் வெறும் மாசிடோனியா என்பார்கள். 2024 மே மாதம் பதவியேற்ற குடியரசுத் தலைவரே அப்படிச் சொல்ல, கிரீஸ் தூதர் எழுந்து வெளியே போய்விட்டார். ஆகவே பெயரை மட்டும் பார்க்காமல், ஊர், தொலைபேசிக் குறியீடு, நாணயம் மூன்றும் ஒரே நாட்டைக் காட்டுகின்றனவா என்று பாருங்கள்.

ஏஜெண்டைப் பற்றியும் கேளுங்கள். 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்த அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பதிவு எண்ணைத் தட்டினால் தெரிந்துவிடும். சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. மட்டும். “நான் சென்னை ஏஜெண்டின் ஆள்” என்பவர் பதிவு பெற்றவர் ஆகமாட்டார். “வடக்கு மாசிடோனியாவில் இறங்கினால் போதும், எல்லை தாண்டிக் கிரீஸுக்குள் போய்விடலாம்” என்று காதோடு சொல்பவர் உங்கள் மகனைச் சிறைக்கு அனுப்பப் பார்க்கிறார். இப்படிப் போய் நிலத்தை விற்ற பணத்தையும் இழந்து திரும்பிய பிள்ளைகளின் தகப்பன்மார் என் எதிரே உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். ஒரு கடிதம் மெய்யா பொய்யா என்று கேட்க, குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தைத் தேடிப் பாலக்கோட்டிலிருந்து சென்னைக்குப் போக வேண்டியிருக்கிறது. ஏஜெண்ட் மட்டும் தெருமுனையில் கடை போட்டிருக்கிறார். இதைச் சரிசெய்ய எத்தனை குடும்பங்கள் ஏமாற வேண்டும்?

சென்னையிலேயே தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் இருக்கிறது. முதலில் அங்கே விசாரியுங்கள். மகனுடைய பாஸ்போர்ட் ஏஜெண்டிடம் இருந்தால் இன்றே திரும்ப வாங்கிவிடுங்கள். உங்களுக்குத் தெரிந்த பிள்ளைகள் யாராவது முன்பே ஸ்கோப்யே போய்ச் சிக்கியிருந்தால், வடக்கு மாசிடோனியாவையும் சேர்த்துக் கவனிப்பது பல்கேரியாவின் சோபியா நகரில் உள்ள இந்தியத் தூதரகம். ஏதென்ஸ் தூதரகத்தை அழைத்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.