பதில்: தந்தையாரின் திரைப்பட இறுவட்டுகளைப் பிரதி எடுப்பது பற்றி

வணக்கம். கல்லடியில் உங்கள் தந்தையார் விலை கொடுத்து வாங்கிய டிவிடிகள் பழுதாகத் தொடங்கியுள்ளதால், அவற்றை வன்தட்டில் ஏற்றுவது குற்றமா, கல்முனையில் ஒரு கடையில் கொடுத்து எடுப்பிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 12 ஆம் பிரிவின்படி, வெளியிடப்பட்ட ஒரு படைப்பை, சட்டப்படி பெற்ற பிரதியிலிருந்து, தனியாள் ஒருவர் முற்றிலும் தம் சொந்தத் தேவைக்காக ஒரேயொரு பிரதி எடுத்துக்கொள்ள உரிமையாளரின் அனுமதி வேண்டியதில்லை. ஆனால் அது அப்படைப்பின் வழமையான வணிகப் பயன்பாட்டைப் பாதிக்கக் கூடாது. ஆகவே நீங்களே வீட்டில் எடுப்பதில் தயங்க வேண்டாம். கடைக்காரர் காசுக்கு எடுத்துத் தருவது இச்சலுகைக்குள் அடங்காது என்பதே என் கருத்து. மைத்துனருக்கும் ஒன்று கொடுப்பதோ, மூல வட்டை விற்றுவிட்டுப் பிரதியை வைத்திருப்பதோ முறையன்று. சந்தையில் வாங்கிய திருட்டு வட்டுக்கு இந்த உரிமையே கிடையாது.

ஒரு சிக்கல் உண்டு. பெரும்பாலான வணிக டிவிடிகள் பிரதி எடுப்பதைத் தடுக்கும் குறியாக்கப் பூட்டுடன் வருபவை. அவ்வாறான பூட்டை உடைக்கவென்றே அமைந்த கருவிகளை விற்பனைக்காகத் தயாரிப்பதையும் இறக்குமதி செய்வதையும் அதே சட்டம் தடுக்கிறது. பூட்டுள்ள வட்டுகளைத் தொடுமுன் ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

இதற்கிடையில் ஒவ்வொரு வட்டையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை அளவில் ஒளி கசிந்தால் உள்ளிருக்கும் அலுமினியப் படலம் அரிக்கப்படுகிறது என்று பொருள். அந்த வட்டுகளையே முதலில் பிரதி எடுங்கள். இரட்டைப் படல வட்டொன்றுக்கு (ஒரே பக்கத்தில் இரு அடுக்குகளாகப் பதியப்பட்டது) வன்தட்டில் 8.5 ஜிபி வரை இடம் தேவைப்படும்.