கொரோனா பேட்ச்

அன்புள்ள அண்ணா,

2020இல் பத்தாவது படித்தவள் நான். பரீட்சை எழுதாமலே பாஸான செட். போன வாரம் ஒரு இன்டர்வியூவில் என் மார்க் ஷீட்டைப் பார்த்தவர் "ஓ, கொரோனா பேட்சா?" என்று சிரித்தார். வெளியே வந்து அழுதேன். இரண்டாம் அலையில் அப்பா, அம்மா இருவருக்கும் வந்து மூன்று வாரம் வீட்டை நான்தான் பார்த்துக்கொண்டேன். மற்ற நேரமெல்லாம் போனில்தான் கிடந்தேன். இன்றும் ராத்திரி அப்பா இருமினால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். அந்த இரண்டு வருடத்தை வீணாக்கிவிட்டேனா?

பெயர் வேண்டாம், ஈரோடு

அன்புள்ள தங்கைக்கு,

அந்தச் சிரிப்பு எனக்கும் வலிக்கிறது. மார்ச் 27 அன்று தொடங்க வேண்டிய பரீட்சை, ஜூன் 1 என்றார்கள், ஜூன் 15 என்றார்கள், ஜூன் 9 அன்று ரத்து செய்தார்கள். அதுவரை அதே புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நீங்கள்தானே? ப்ளஸ் ஒன்னில் பள்ளிக்கூடம் போனதே ஒன்றரை மாதம்போலத்தான். அப்படியும் 2022 மே மாதம் ப்ளஸ் டூ பரீட்சையை எழுதித்தானே வந்தீர்கள்.

சரி, போன் விஷயம். எங்கள் பக்கத்து வீட்டுப் பையனுக்கும் உங்கள் வயதுதான். 2021 மே மாதம் அவன் பாட்டிக்குக் காய்ச்சல் வந்தது, எந்த ஆஸ்பத்திரியிலும் படுக்கை இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் ஆக்சிமீட்டரை மணிக்கொரு தடவை பாட்டி விரலில் மாட்டுவான். மருதாணி வைத்த விரலில் எண் சரியாகக் காட்டாதோ என்ற பயத்தில் விரல் விரலாக மாற்றிப் பார்ப்பான். பிசிக்ஸ் நோட்டின் கடைசிப் பக்கங்களில் 96, 95, 95, 94 என்று எழுதி வைத்திருந்தான். 94க்குக் கீழே போனால் பாட்டியைக் குப்புறப் படுக்க வைத்துவிட்டு, காம்பவுண்டு சுவருக்கு இந்தப் பக்கம் நின்ற என்னிடம் மாஸ்க்கோடு வந்து "அங்கிள், இப்ப 93, என்ன பண்ணட்டும்?" என்று கேட்பான்.

அதே பையன் ராத்திரி இரண்டு மணி வரை மொட்டை மாடியில் ஃப்ரீ ஃபயர் ஆடிக்கொண்டிருப்பான். வீட்டில் பாட்டி இப்படிக் கிடக்கும்போது இவனுக்கு விளையாட்டு கேட்கிறதா என்று நானே நினைத்திருக்கிறேன், அது என் தப்பு. அப்புறம் ஒருநாள் அவனே சொன்னான்: தினமும் ராத்திரி பத்து மணிக்கு அவன் சிநேகிதர்கள் எல்லோரும் அந்த கேமுக்குள் வந்துவிடுவார்களாம், எவன் வரவில்லையோ அவன் வீட்டில் யாருக்கோ வந்துவிட்டது என்று அர்த்தமாம், உடனே மற்றவர்கள் மாற்றி மாற்றி அவனுக்குப் போன் போடுவார்களாம். நாலு சுவருக்குள் அடைபட்ட பிள்ளைகளுக்கு ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள வேறு என்ன வழி இருந்தது? நீங்கள் போனில் கிடந்ததையும் நான் இப்படித்தான் பார்க்கிறேன், வீண் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அடுத்த இன்டர்வியூவில் யாராவது அதே கேள்வியைக் கேட்டால் அந்த மூன்று வாரத்தைப் பற்றிச் சொல்லுங்கள், கூச்சப்படாமல்.

இருமல் சத்தத்துக்கு எழுந்து உட்காருவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, மூன்று வாரம் அந்த மூச்சையே கேட்டுக்கொண்டு கிடந்த காது அது. ஆனால் தினமும் தூக்கம் போகிறதென்றால் 14416க்குப் போன் போடுங்கள். டெலி மானஸ், அரசாங்கத்தின் இலவச மனநல எண், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.

அப்பாவிடம் இதைச் சொல்லியிருக்கிறீர்களா? அவர் இருமினால் நீங்கள் எழுந்து உட்காருவது அவருக்குத் தெரியுமா?