தொலையுணர்வுக் கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பும் முன்: கேள்வி பதில்

செயற்கைக்கோள் படங்களை வைத்து நிலம், நீர், பயிர் ஆய்வு செய்பவர்கள் கேட்டவற்றில் அடிக்கடி வந்த கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டேன். பாதிப் பேர் 'என் ஆங்கிலம் சரியில்லை, அதனால்தான் திருப்பிவிட்டார்கள்' என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் காரணம் அது இல்லை. எண்ணை எப்படி எடுத்தீர்கள் என்பதை கட்டுரையை மதிப்பிடும் ரிவ்யூவரால் தொடர்ந்து போய்ச் சரிபார்க்க முடியவில்லை என்பதே காரணம்.

கேள்வி: மேடம், ஒரு மாவட்டத்தின் நிலப்பயன்பாட்டு மாற்றத்தை 2015, 2023 லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களில் பார்த்து எழுதினேன். ஒரே வாரத்தில் ரிவ்யூவுக்கே போகாமல் திரும்பிவிட்டது. 'எங்கள் எல்லைக்குள் வரவில்லை' என்று ஒரு வரி மட்டும் இருந்தது.

பதில்: ரிமோட் சென்சிங் ஆஃப் என்விரான்மென்ட், ஐஎஸ்பிஆர்எஸ் ஜர்னல் போன்றவை முறையிலோ, செயற்கைக்கோள் பதியும் சமிக்ஞையைப் புரிந்துகொள்வதிலோ புதிதாக ஒன்றை எதிர்பார்ப்பவை. தெரிந்த முறையை இன்னொரு மாவட்டத்தில் ஓட்டிப் பார்த்தது மட்டும் அங்கே போதாது. உங்கள் வேலை மோசம் என்று இதற்குப் பொருள் இல்லை, கதவு வேறு. ஜர்னல் ஆஃப் தி இண்டியன் சொசைட்டி ஆஃப் ரிமோட் சென்சிங், பெங்களூருவில் உள்ள இந்திய அறிவியல் அகாதமியின் ஜர்னல் ஆஃப் எர்த் சிஸ்டம் சயின்ஸ் ஆகியவற்றைப் பாருங்கள். நீர் சார்ந்தது என்றால் ஜர்னல் ஆஃப் ஹைட்ராலஜி: ரீஜனல் ஸ்டடீஸ் வட்டார ஆய்வுக்கென்றே உள்ள இதழ். அதன் சுருக்கமே மூன்று தலைப்பில் இருக்க வேண்டும்: ஆய்வுப் பகுதி, ஆய்வின் மையம், அந்த வட்டாரத்துக்குக் கிடைத்த புதிய நீரியல் புரிதல். மூன்றாவதை எழுத முடியவில்லை என்றால் கட்டுரை இன்னும் முடியவில்லை.

அனுப்பும் முன் ஒரு சோதனை: உங்கள் மேற்கோள் பட்டியலில் அந்த இதழின் கடந்த சில வருடக் கட்டுரைகள் எத்தனை? ஒன்றுகூட இல்லை என்றால் அந்த இதழின் வாசகர் உங்கள் வாசகர் இல்லை.

கேள்வி: அக்கா, படத்தை வகைப்படுத்த ரேண்டம் ஃபாரஸ்ட் என்ற இயந்திரக் கற்றல் முறையைப் பயன்படுத்தினேன், 96 சதவீதத் துல்லியம் வந்தது. 'இது நம்பத்தக்கதாக இல்லை' என்கிறார் ரிவ்யூவர். பயிற்சிக்கும் சோதனைக்கும் 70:30 என்றுதான் பிரித்தேன், தப்பு எங்கே?

பதில்: எதைப் பிரித்தீர்கள் தம்பி, பாலிகனையா பிக்சலையா? அநேகமாக அங்கேதான் சிக்கல். ஒரு நெல் வயலைச் சுற்றிப் பாலிகன் வரைந்தால் சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் அதற்குள் 200 பிக்சல் விழலாம். அவற்றைக் கலைத்து 140ஐப் பயிற்சிக்கும் 60ஐச் சோதனைக்கும் கொடுத்தால், சோதனைப் பிக்சலுக்குப் பத்து மீட்டர் பக்கத்திலேயே அதே வயலின் பயிற்சிப் பிக்சல் இருக்கும். விடையைப் பார்த்துவிட்டுத் தேர்வு எழுதுவது போலத்தான் அது. பாலிகன் வாரியாகப் பிரியுங்கள். அதைவிட நல்லது, ஆய்வுப் பகுதியைச் சில கிலோமீட்டர் கட்டங்களாக்கி, முழுக் கட்டங்களையே சோதனைக்கு ஒதுக்குவது. கட்டத்தின் அளவை வேரியோகிராமின் வீச்சை, அதாவது எவ்வளவு தூரம் வரை பிக்சல்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன என்பதைப் பார்த்து முடிவு செய்யலாம். துல்லியம் 84க்கு இறங்கினாலும் கவலைப்படாதீர்கள். அந்த 84ஐ யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

கேள்வி: தற்செயலாகப் பொருந்துவதைக் கழித்துத் துல்லியம் சொல்லும் காப்பா எண்ணைக் கொடுத்தே ஆக வேண்டுமா?

பதில்: வேண்டாம். பொன்டியஸும் மில்லோன்ஸும் 2011இலேயே இன்டர்நேஷனல் ஜர்னல் ஆஃப் ரிமோட் சென்சிங்கில் அதைக் கைவிடச் சொல்லி எழுதிவிட்டார்கள். முழுப் பிழை அணியையும் (எந்த வகுப்பு எதுவாகக் காட்டப்பட்டது என்ற அட்டவணை), வகுப்பு வாரியாகப் பயனர் துல்லியம் (படம் அந்த வகுப்பு என்று காட்டியதில் உண்மையில் அதுவாக இருப்பது எவ்வளவு), உற்பத்தியாளர் துல்லியம் (நிலத்தில் அந்த வகுப்பாக இருப்பதில் படம் பிடித்தது எவ்வளவு) இரண்டையும் கொடுங்கள்.

கேள்வி: வகைப்படுத்திய படத்தில் பிக்சலை எண்ணி 'இத்தனை ஹெக்டேர் விளைநிலம் கட்டடமானது' என்று எழுதினேன். 'பரப்பு மதிப்பீட்டில் பிழை வரம்பு எங்கே' என்று கேட்டிருக்கிறார்கள். என்ன செய்ய வேண்டும்?

பதில்: இந்த ஒன்றைச் சரியாகச் செய்தாலே உங்கள் கட்டுரையின் தரம் மாறிவிடும், அதனால் எண்ணோடு சொல்கிறேன். ஓலோஃப்சனும் மற்றவர்களும் 2014இல் ரிமோட் சென்சிங் ஆஃப் என்விரான்மென்ட்டில் வகுத்துத் தந்த வழி இது.

ஆய்வுப் பகுதி 10,000 ச.கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். உங்கள் படம் 'மாறியது' என்று 200 ச.கி.மீ. காட்டுகிறது, அதாவது 2 சதவீதம். மீதி 9,800 'மாறாதது'. முதலில் சரிபார்க்க எத்தனை புள்ளி வேண்டும் என்று பாருங்கள். பயனர் துல்லியம் முறையே 0.7, 0.9 இருக்கும் என ஊகித்தால் அவற்றின் திட்டவிலக்கம் 0.458, 0.3. பரப்பின் எடையால் பெருக்கிக் கூட்டினால் 0.303. மொத்தத் துல்லியத்தின் திட்டப்பிழை 0.015க்குள் இருக்க வேண்டுமானால் 0.303ஐ 0.015ஆல் வகுத்து வர்க்கப்படுத்துங்கள்: ஏறத்தாழ 408 புள்ளிகள். பரப்பு விகிதப்படி பிரித்தால் மாறிய பகுதிக்கு எட்டுப் புள்ளிதான் கிடைக்கும், சொல்ல ஒன்றுமில்லாமல் போகும். அதனால் அங்கே 75, மீதி 333 மாறாத பகுதியில். இந்த இரண்டு பகுதிகளை அடுக்குகள் என்பார்கள்; ஒவ்வொரு அடுக்கிலும் இடத்தைக் கணினி தற்செயலாக எடுக்க வேண்டும். சாலைக்குப் பக்கம், போக வசதியான இடம் என்று நாம் தேர்ந்தெடுக்கக் கூடாது.

இப்போது ஒவ்வொரு புள்ளியையும் உயர்தெளிவுப் படத்தில் பார்க்கிறீர்கள். 75இல் 60 உண்மையிலேயே மாறியவை. 'மாறாதது' என்ற 333இல் 3 உண்மையில் மாறியவை. கணக்கு: 200 × 60/75 = 160. 9,800 × 3/333 = 88. மொத்தம் 248 ச.கி.மீ. 95 சதவீத வரம்பு கூட்டவோ கழிக்கவோ 101. பிக்சலை எண்ணி 200 என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா, சொல்ல வேண்டியது '248 ± 101'.

தவறவிட்ட அந்த மூன்றே புள்ளிகள் 88 ச.கி.மீ.யைக் கொண்டுவந்துவிட்டன. ஒவ்வொன்றும் 29 ச.கி.மீ.க்குமேல் நிலத்துக்குப் பேசுகிறது. வரம்பு இவ்வளவு அகலமாக இருப்பதற்கும் அவைதான் காரணம். குறைக்க வேண்டுமானால் மாறிய இடங்களைச் சுற்றி ஒரு ஓரப்பட்டையைத் தனி அடுக்காக்கி அங்கே புள்ளிகளைக் கூட்டுங்கள். தவறவிட்ட மாற்றம் பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான் ஒளிந்திருக்கும்.

கேள்வி: சென்டினல்-2 படங்களில் பயிரின் பசுமையைக் காட்டும் என்டிவிஐ குறியீடு 2022 தொடக்கத்தில் திடீரென்று விழுகிறது. வறட்சி என்று விளக்கம் எழுதலாமா மேடம்?

பதில்: தயவுசெய்து இன்னும் எழுதாதீர்கள். 2022 ஜனவரி 25 முதல், செயலாக்கப் பதிப்பு 04.00இலிருந்து, ஒவ்வொரு பேண்ட் (அலைநீளப் பட்டை) மதிப்பிலும் 1000 சேர்த்துச் சேமிக்கிறார்கள். ஒரு பசும்வயலில் சிவப்பு 500, அண்மை அகச்சிவப்பு 3000 என்றால், இரண்டின் வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுக்கக் கிடைக்கும் என்டிவிஐ 0.71. ஆயிரத்தைக் கழிக்காமல் விட்டால் 1500, 4000 ஆகி 0.45 வரும். வயலில் எதுவும் நடக்கவில்லை.

தேதியை வைத்துக் கழிக்காதீர்கள். பழைய படங்களையும் திரும்பப் பதப்படுத்திப் புதிய தொகுப்பாக வெளியிட்டிருக்கிறார்கள், அவற்றிலும் இந்தக் கூட்டல் உண்டு. கோப்போடு வரும் விவரக்குறிப்பான மெட்டாடேட்டாவில் உள்ள பதிப்பு எண்ணைப் பாருங்கள். கூகுளின் படச் செயலாக்கத் தளமான எர்த் எஞ்சினில் 'ஹார்மனைஸ்டு' என்று முடியும் தொகுப்பை எடுத்தால் கழித்தே தருவார்கள். எந்தத் தொகுப்பு என்பதை முறை பகுதியில் ஒரு வரியில் எழுதுங்கள்.

கேள்வி: தமிழ்நாடு முழுவதற்கும் பரப்புக் கணக்கிட யூடிஎம் 44 வடக்கு போதுமா?

பதில்: போதாது. யூடிஎம் உலகை 6 பாகை அகலப் பட்டைகளாகப் பிரிக்கும் வரைபட முறை; 43, 44 பட்டைகளின் எல்லையான 78 பாகை கிழக்குக் கோடு மதுரைக்கும் சேலத்துக்கும் சற்று மேற்கே ஓடுகிறது. கோவை 43இல், சென்னை 44இல். மாநிலம் முழுவதும் வேண்டுமென்றால் பரப்பு மாறாமல் உருண்டையைத் தட்டையாக்கும் சம பரப்புப் பிரொஜெக்ஷன் எடுங்கள், ஆல்பர்ஸ் போதும். ஒரு மாவட்டம் மட்டும் என்றால் யூடிஎம் சரி, சென்னைக்கு ஈபிஎஸ்ஜி 32644 என்று பிரொஜெக்ஷனின் அடையாள எண்ணோடு குறிப்பிடுங்கள். இணைய வரைபடங்களில் வரும் வெப் மெர்கேட்டர் பிரொஜெக்ஷனில் மட்டும் பரப்பை எடுக்கவே கூடாது. சென்னையில் சுமார் 6 சதவீதம் கூடுதலாகக் காட்டும், கன்னியாகுமரியில் 3க்குக் கொஞ்சம் குறைவு. பிழையே இடத்துக்கு இடம் மாறுவதால் பிறகு திருத்தவும் முடியாது.

கேள்வி: 'கேட்டால் தரவு தருகிறோம்' என்று எழுதினால் ஏற்பார்களா?

பதில்: அமெரிக்கப் புவி இயற்பியல் ஒன்றியமான ஏஜியூவின் இதழ்களில் ஏற்க மாட்டார்கள். ஜியோசயின்டிஃபிக் மாடல் டெவலப்மென்ட் இதழில் நிரலின் கிட்ஹப் இணைப்பு மட்டும் தந்தாலும் திருப்பிவிடுவார்கள், கிட்ஹப்பில் உள்ளதை நாளைக்கே அழிக்கலாம் என்பதால். ஜெனோடோ என்ற ஆய்வுத் தரவுக் களஞ்சியத்தில் போடுங்கள். அது இலவசம், ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை. வெளியிடும் முன்பே நிரந்தர இணைய அடையாளமான டிஓஐ எண்ணை ஒதுக்கி வாங்கிக் கட்டுரையில் சேர்த்துவிடலாம்.

சென்டினல் படங்களைத் திரும்ப ஏற்ற வேண்டியதில்லை, அவற்றின் அடையாள எண் பட்டியல் போதும். ஏற்ற வேண்டியவை: சரிபார்ப்புப் புள்ளிகள் (இடம், அடையாளம், எந்தத் தேதிப் படத்தைப் பார்த்து முடிவு செய்தீர்கள் என்பது), முடிவுப் படம், நிரல், எதை எந்த வரிசையில் ஓட்டுவது என்று சொல்லும் ஒரு ரீட்மீ. கங்கை, பிரம்மபுத்திரா, சிந்து நீரோட்டத் தரவு போல அரசே வெளியிடத் தடை வைத்திருப்பதைப் பயன்படுத்தினால் அந்தத் தடையையும், தரவை யாரிடம் எப்படிக் கேட்கலாம் என்பதையும் எழுதுங்கள்.

கேள்வி: பணம் கட்ட வழியில்லை, என் சார்பாகக் கேட்க ஆளும் இல்லை. இலவசமாக வெளியிட முடியுமா? போலி இதழை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முடியும். சந்தா, ஓப்பன் ஆக்சஸ் (யாரும் இலவசமாகப் படிப்பது) என இரு வழியும் உள்ள ஹைப்ரிட் இதழில் சந்தா வழியைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் வெளியீட்டுக் கட்டணம் இல்லை. விண்ணப்பப் படிவத்தில் 'ஓப்பன் ஆக்சஸ்' பெட்டியைக் கவனிக்காமல் டிக் செய்து மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. எழுதுபவர், படிப்பவர் இருவருக்குமே இலவசமான 'டயமண்ட்' இதழ்களும் இருக்கின்றன: எரிமலைக்கு வோல்கானிகா, நிலநடுக்கத்துக்கு செய்ஸ்மிகா.

பல்கலைக்கழக மானியக் குழுவின் யுஜிசி-கேர் இதழ்ப் பட்டியல் 2025 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டுவிட்டது, இன்னும் அதைக் காட்டி மின்னஞ்சல் அனுப்புபவரை நம்பாதீர்கள். இப்போது நல்ல இதழின் பெயரையும் ஐஎஸ்எஸ்என் எண்ணையும் திருடி அப்படியே போலித் தளம் நடத்துகிறார்கள். அதனால் மின்னஞ்சலில் வந்த இணைப்பை அழுத்தாமல் ஸ்கோபஸ் மூலப் பட்டியலிலோ ஓப்பன் ஆக்சஸ் இதழ்களைப் பட்டியலிடும் டிஓஏஜே தளத்திலோ தேடி அங்கிருந்து இதழுக்குப் போங்கள். இதழின் கட்டுரைகள் எவ்வளவு மேற்கோள் காட்டப்படுகின்றன என்பதைக் காட்டும் இம்பாக்ட் ஃபாக்டரைத் தருவது கிளாரிவேட் நிறுவனம் மட்டுமே. வேறு பெயரில் எந்த 'ஃபாக்டர்' போட்டிருந்தாலும், ரிவ்யூ முடியும் முன்பே முழுக் கட்டணம் கேட்டாலும் விலகிவிடுங்கள்.

கேள்வி: கோபர்னிகஸ் வெளியீட்டகத்தின் இதழ்களில் ரிவ்யூ எல்லோருக்கும் தெரியும்படி நடக்கிறதாமே, பயமாக இருக்கிறது அக்கா.

பதில்: ஆமாம். கட்டுரை முதலில் முன்பதிப்பாக (ரிவ்யூ முடியும் முன் உள்ள வடிவம்) டிஓஐயோடு வெளிவரும், ரிவ்யூவர் எழுதுவதும் நீங்கள் சொல்லும் பதிலும் அதன் கீழேயே நிற்கும். நிராகரித்தாலும் அந்த முன்பதிப்பு அப்படியே இருக்கும். ஆகவே அரைகுறையாக அனுப்ப வேண்டிய இடம் அது இல்லை. ஆனால் முதல் பேப்பர் எழுதுபவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. உங்கள் துறையில் ஏற்கப்பட்ட ஒரு கட்டுரையைத் திறந்து அதன் விவாதப் பக்கத்தைப் படியுங்கள். ரிவ்யூவரின் வரியை அப்படியே எடுத்துப் போட்டு, கீழே பதில், அதன் கீழே மாற்றிய வாக்கியம், வரி எண் என்று எழுதியிருப்பார்கள். உங்கள் பதிலையும் அந்த வடிவத்திலேயே எழுதுங்கள். ரிவ்யூவர் சொன்னதை ஏற்கவில்லை என்றால் அதையும் சொல்லலாம், கூடவே ஒரு கணக்கோ படமோ வைக்க வேண்டும்.