சுவிட்சர்லாந்தில் கூட்டமில்லாத ஏரிக்கரை ஊர் எது? ஆர்போன் என்பேன்

கேள்வி இது: "பத்து நாள் சுவிட்சர்லாந்து போகிறோம். யுங்ஃபிராவ் பனிமலை, லுட்சேர்ன் நகரம் எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. சுற்றுலாக் கூட்டம் இல்லாத ஏரிக்கரை ஊர் ஒன்றைச் சொல்லுங்கள். அங்கே பார்க்க என்ன இருக்கிறது?"

ஆர்போன். பெயரைக் கேட்டதும் பலர் "எங்கே இருக்கிறது?" என்பார்கள். சூரிக்கில் வேலை பார்க்கும் என் மகளும் அப்படித்தான் கேட்டாள். நான் முப்பது வருடம் நூற்பாலையில் பராமரிப்புப் பிரிவில் இருந்தவன். எங்கள் மில்லில் நூல் முறுக்கும் இயந்திரம் ஒன்றின் பெயர்ப்பலகையில் 'சவ்ரர்' என்று பொறித்திருக்கும். அந்தப் பெயரின் ஊர் ஆர்போன் என்று தெரிந்த பிறகு, பனிமலைக்குப் போகும் நாளில் ஒன்றைக் குறைத்துக்கொண்டு அங்கே போனேன். ஆகவே இது கொஞ்சம் பாரபட்சமான பதில்.

நாட்டின் வடகிழக்கு மூலையில், துர்காவ் மாநிலத்தில், கான்ஸ்டன்ஸ் ஏரிக்குள் மூக்கை நீட்டியதுபோல் இருக்கிறது ஊர். உள்ளூரில் ஏரியைப் போடென்ஸே என்பார்கள். சூரிக்கிலிருந்து ரோமான்ஸ்ஹோர்ன் வரை ஒரு ரயில், அங்கிருந்து கரையோரமாகப் போகும் சிறு ரயில். எதிர்க்கரை ஜெர்மனி, கிழக்கு முனை ஆஸ்திரியா. தெற்கே திரும்பினால் 2,502 மீட்டர் உயரமுள்ள சென்டிஸ் சிகரம் தெரியும். ஊர் மட்டும் சமதரை.

பழமை வேண்டுமானால் அதுவும் உண்டு. ரோமானியர் இதை ஆர்போர் ஃபெலிக்ஸ் என்று அழைத்துக் கோட்டை கட்டினார்கள். அயர்லாந்திலிருந்து கொலும்பானுஸ் என்ற துறவியோடு வந்த கல்லுஸ், இங்கிருந்துதான் 612 வாக்கில் காட்டுக்குள் ஏறிப்போய்க் குடில் அமைத்தார். அதைச் சுற்றி வளர்ந்ததே செயின்ட் கேலன் நகரம். அவர் உயிர் நீத்ததும் ஆர்போனில்தான் என்பது மரபு. கரையருகே ஒரு காலத்தில் ஆயருக்கு (பிஷப்புக்கு) உரியதாக இருந்த ஒரு கோட்டை மாளிகை நிற்கிறது. அதுகூட 19ஆம் நூற்றாண்டில் ரிப்பன் நெய்யும் ஆலையாக இருந்தது. இந்த ஊரில் ஆயரின் மாளிகையும் தொழிற்சாலையாகிவிடும்!

இனி என் விஷயத்துக்கு வருகிறேன். ஃபிரான்ஸ் சவ்ரர் 1853இல் செயின்ட் கேலன் அருகே ஒரு வார்ப்பாலை தொடங்கினார். 1860களில் தொழில் ஆர்போனுக்கு இறங்கி வந்தது. அப்போது அந்த வட்டாரம் முழுவதும் எம்பிராய்டரிப் பித்து. கை எம்பிராய்டரி இயந்திரத்தின் ஊசியைப் பார்த்தால் நம்மூர்த் தையல்காரர் திகைத்துப்போவார்: இரண்டு பக்கமும் கூர், காது நடுவில். துணி செங்குத்தாக நிற்கும். ஆறு மடங்கு பெரிதாக வரைந்த படத்தின் மேல் ஒருவர் முள்ளை நகர்த்த, நூற்றுக்கணக்கான ஊசிகள் அதே கோட்டைச் சிறிதாகத் துணியில் போடும். அந்த ஊசிகளுக்கெல்லாம் யார் நூல் கோத்தார்கள் என்று கேளுங்கள். பெண்களும் பிள்ளைகளும். வீட்டுக்கு வீடு பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரவில் உட்கார்ந்து கோத்திருக்கிறார்கள். செயின்ட் கேலன் எம்பிராய்டரியின் அழகைப் பேசுபவர்கள் இதைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

1863இல் ஐசக் குரோப்லி என்பவர், தையல் இயந்திரத்தைப் போல முன்னே ஊசியும் பின்னே நாடாவும் (ஷட்டில்) வைத்து, அறாத நூலில் பின்னும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். அதன் பெயர் ஷிஃப்லி. சுவிஸ் ஜெர்மனில் குட்டிப் படகு என்று பொருள். தறியில் ஓடும் நாடாவைப் பார்த்தவர்களுக்குப் பெயர்க்காரணம் சொல்ல வேண்டியதில்லை. சவ்ரர் இந்த இயந்திரங்களைச் செய்து உலகெங்கும் அனுப்பியது. முதல் உலகப்போருக்கு முன் எம்பிராய்டரிதான் சுவிட்சர்லாந்தின் மிகப்பெரிய ஏற்றுமதி. கடிகாரம்கூட அதற்குப் பின்னால்தான்.

போருக்குப் பின் பெண்கள் உடை எளிமையானது, சந்தை சரிந்தது. அரசு உதவியோடு எம்பிராய்டரி இயந்திரங்களை உடைத்துப் பழைய இரும்பாக்கும் நிலை வந்தது. ஆர்போன் பிழைத்ததற்குக் காரணம், சவ்ரர் 1903 முதலே லாரியும் செய்துகொண்டிருந்ததுதான். ஃபிரான்ஸ் சவ்ரரின் மகன் அடோல்ஃப், பேரன் ஹிப்போலிட் இருவருக்கும் மோட்டார்ப் பைத்தியம். 1908இலேயே, டீசல் இயந்திரத்தைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசலோடு சேர்ந்து, லாரிக்கேற்ற சிறிய டீசல் இயந்திரத்தைச் செய்து பார்த்திருக்கிறார்கள். காலத்துக்கு முந்திய முயற்சி. சாலையில் டீசல் லாரி சாதாரணமாக ஓடப் பல ஆண்டுகள் ஆயின.

சுவிட்சர்லாந்து படங்களில் மலைப்பாதை வளைவில் ஏறும் மஞ்சள் பேருந்தைப் பார்த்திருப்பீர்கள், தபால் துறைப் பேருந்து. திருப்பங்களில் மூன்று சுரத்தில் ஊதும். அது ரோசினியின் 'வில்லியம் டெல்' இசை நாடகத்தின் முகப்பு இசையிலிருந்து எடுத்தது. முதல் உலகப்போர் முடிந்ததும் ராணுவம் கழித்த லாரிகள் பேருந்தாக மாறின. 1919இல் சிம்ப்ளோன் கணவாயில் சேவை தொடங்கியது. அதன்பின் பல பத்தாண்டுகள் அந்த மஞ்சள் வண்டிகளில் பெரும்பங்கு சவ்ரர்தான். எனக்கு இதுதான் வேடிக்கை: உலகத்தையே ஆல்ப்ஸ் மலைக்கு ஏற்றிவிட்டது ஒரு சமதரை ஊர். ஏறிப்போனவர்களில் எத்தனை பேர் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்?

தொழிற்சாலை இத்தாலியரையும் பிறரையும் கொண்டுவந்தது. தொழிற்சங்கம் வலுத்து 'சிவப்பு ஆர்போன்' என்று பெயரும் வந்தது. சிறிய நாட்டின் லாரி நிறுவனம் பெரிய நாடுகளோடு போட்டியிட முடியவில்லை. 1982இல் டைம்லர் பென்ஸ் துணையோடு இன்னொரு சுவிஸ் நிறுவனத்துடன் இணைக்கப்பட்டது, சிறிது காலத்தில் சவ்ரர் லாரி நின்றது. ஜவுளி இயந்திரத் தொழில் மட்டும் பெயரைக் காப்பாற்றியது. 2013இல் அது ஒரு சீனக் குழுமத்தின் கைக்குப் போனது.

ஆலைகள் என்ன ஆயின? ரயில் நிலையத்தை ஒட்டிய பெரிய வளாகத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்திருக்கின்றன. தகடு அழுத்தும் கூடம் இசை, கலை நிகழ்ச்சிகளுக்கான இடமாகிவிட்டது. இடிக்காமல் வைத்தது நல்லதுதான். ஆனால் புதிய கட்டடங்கள் எனக்குப் பிடிக்கவில்லை, எந்த ஊரிலும் நிற்கக்கூடிய சாம்பல் பெட்டிகள். மாலை ஏழு மணிக்குத் தெருவில் ஆளில்லை. ஷிஃப்டு முடிந்து சங்கு ஊதும் ஊர் எப்படி இருக்கும் என்று தெரிந்தவனுக்கு அந்த அமைதி சற்று உறுத்தும்.

கரையோரம் பழைய ஆலையில் சவ்ரர் அருங்காட்சியகம் இருக்கிறது. அதைத் தவறவிடாதீர்கள். பளபளக்கும் லாரிகள், பேருந்துகள், தறிகள், எம்பிராய்டரி இயந்திரங்கள், நுழைந்ததும் எண்ணெய் வாசனை. நான் போன அன்று ஒரு முதியவர் ஷிஃப்லியை ஓட்டிக் காட்டினார். நடுவில் ஒரு நூல் அறுந்தது. என் கை தானாகவே முனையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போட்டுவிட்டது. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஜெர்மன் தெரியாது. மூடியைக் கழற்றி உள்ளே இருந்த கியர்களையெல்லாம் காட்டினார். மகள் வெளியே ஏரியைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் காத்திருந்தாள்.

ஒரு துணுக்கு: ஆப்பிள் தோட்டங்கள் நிறைந்த துர்காவுக்குச் சுவிஸ்காரர்கள் வைத்த கேலிப்பெயர் 'மோஸ்ட் இந்தியா'. மோஸ்ட் என்றால் ஆப்பிள் சாறு. 'ஓஸ்ட்', அதாவது கிழக்கு இந்தியா என்பதை வைத்து விளையாடிய சொல். ஊரின் ஒரு பகுதியான ஷ்டாகெனில் 'மேல்' (Möhl) என்ற குடும்பத்தாரின் ஆப்பிள் சாறு ஆலை இருக்கிறது, பார்க்க அருங்காட்சியகமும் உண்டு. கேட்டு வாங்குங்கள், புளித்து மதுவான சாறும் விற்கிறார்கள். நான் தெரியாமல் அதை வாங்கிவிட்டேன்.

ஒரு பகல் போதும். இரவு தங்க வேண்டாம், செயின்ட் கேலன் பக்கத்திலேயே இருக்கிறது. கிளம்புமுன் அருங்காட்சியகம் திறந்திருக்கும் நேரத்தையும் இயந்திரம் ஓட்டிக் காட்டும் நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஓடாத இயந்திரத்தைப் பார்ப்பதற்கு யுங்ஃபிராவே மேல்.