கோடையில் திராட்சைக் கொடியின் இலைகளை ஏன் கிள்ளுகிறார்கள்?

காய் பிடித்த பின் நீண்டு ஓடும் பச்சைத் தளிர்களை வெட்டுவதும், குலையை மூடும் இலைகளில் சிலவற்றைக் கிள்ளுவதும்தான் கோடைக் கவாத்து. ஐரோப்பியத் தோட்டங்களில் இது ஜூன், ஜூலை வேலை. இலையுதிர்ந்து உறங்கும் கொடியைக் குளிர்காலத்தில் வெட்டுவது வேறு.

காரணம் காற்றோட்டம். இலை அடர்ந்தால் குலைக்குள் ஈரம் தங்கும். கூடவே பூஞ்சணமும் வரும். கொழும்பில் மழை நாளில் பல்கனிக் கயிற்றில் உடுப்புகளை நெருக்கிப் போட்டுப் பாருங்கள். ஓரத்துத் துவாய் காய்ந்திருக்கும், நடுவில் மாட்டிய சட்டை மட்டும் முடைநாற்றம் அடிக்கும். குலையின் நடுவில் இருக்கும் பழத்தின் கதியும் அதுதான். யாழ்ப்பாணத்து வறண்ட காற்று திராட்சைக்கு ஒத்துப்போகிறது. ஈரம் மிகுந்த கொழும்பின் வெள்ளவத்தையில் மொட்டைமாடித் தொட்டியில் வளர்ப்பவருக்கோ இந்தக் கிள்ளல் இன்னும் அவசியம்.

காலை வெயில் படும் பக்கத்தில், குலையை ஒட்டிய இரண்டு மூன்று இலைகளைக் கிள்ளினால் போதும். மாலை வெயில் பக்கத்தைத் தொடாதீர்கள், பழத்தோல் வெந்துவிடும்.

வெயில் பட்டால்தான் பழம் இனிக்கும் என்று சிலர் கொடியையே மொட்டையடித்துவிடுகிறார்கள். சர்க்கரை உருவாவது இலையில்தான், அங்கிருந்துதான் அது குலைக்குப் போகிறது.