பிபிஎல் கையில் இருக்கிறது. குறைந்த செலவில் ஐஆர் எடுக்க வெளிநாட்டில் எந்த ஃப்ளையிங் ஸ்கூலைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி கேட்டவர் இந்தியாவில் பிபிஎல் (தனியார் விமானி லைசென்ஸ்) முடித்திருக்கிறார். அடுத்து ஐஆர், அதாவது வெளியே எதுவும் தெரியாதபோதும் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவதற்கான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங், எடுக்க வேண்டும். அமெரிக்காவில் இரண்டு பள்ளிகள், தென்னாப்பிரிக்காவில் ஒன்று என மூன்றின் மணிக் கட்டணத்தையும் எழுதி, எது மலிவு என்று கேட்கிறார். பின்னால் இந்திய ஏர்லைனில் சேரவும் விருப்பமாம். நான் தென் கலிபோர்னியாவில், சான் டியாகோ பக்கம், இன்ஸ்ட்ருமென்ட் பயிற்சி கொடுக்கும் இன்ஸ்ட்ரக்டர். அதனால் அமெரிக்காவை வைத்தே பேசுகிறேன். மற்ற நாடுகளைப் பிறகு தொடுகிறேன்.

முதலில் அந்த மணிக் கட்டணப் பட்டியலை ஓரமாக வையுங்கள். ரேட்டிங் கைக்கு வரும் நாளில் மொத்தம் எவ்வளவு செலவாகியிருக்கும் என்பதுதான் கணக்கு. அதைத் தீர்மானிப்பது வாரத்துக்கு எத்தனை முறை பறக்க முடிகிறது என்பது. ஒரு உதாரணம் போட்டுப் பார்க்கலாம். முதல் பள்ளியில் செஸ்னா 172 மணிக்கு 150 டாலர், இரண்டாவதில் 190. இன்ஸ்ட்ரக்டருக்கு இரண்டிலும் 70 என்று வையுங்கள். முதல் பள்ளியில் விமானம் அடிக்கடி ஒர்க்‌ஷாப்பில் கிடக்கிறது, வாரத்துக்கு ஒரு முறைதான் பறக்க முடிகிறது. போன வாரம் கற்ற ஹோல்டிங்கை (வானில் ஓரிடத்தில் சுற்றிக்கொண்டே காத்திருப்பது) இந்த வாரம் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும். அப்படி 60 மணி நேரம் இழுத்தால் 13,200 டாலர். இரண்டாவதில் வாரத்துக்கு நான்கு முறை பறந்து 42 மணி நேரத்தில் முடித்தால் 10,920. இதில் வாடகை, சாப்பாடு, இன்ஷூரன்ஸ் எதையும் நான் சேர்க்கவே இல்லை. எம்-1 என்ற பயிற்சி மாணவர் விசாவில் வேலைக்குப் போகவும் முடியாது, ஆகவே கூடுதலாகத் தங்கும் ஒவ்வொரு மாதமும் வீட்டுப் பணம்தான்.

வெளியே பார்த்து ஓட்டும் விஷுவல் பறப்பை விட ஐஆரில் இந்த மறதி ரொம்பவே அதிகம். கருவிகளை வரிசையாகப் பார்க்கும் ஸ்கேன் பழக்கத்தில் வருவது, விட்டால் வேகமாக மறந்துபோகும். அதனால் பள்ளிக்குப் போன் செய்யும்போது "மணிக்கு எவ்வளவு" என்பதோடு நிறுத்தாதீர்கள். கடைசியாக ஐஆர் முடித்த ஐந்து மாணவர்கள் எத்தனை மணி நேரத்தில், எத்தனை மாதத்தில் முடித்தார்கள் என்று கேளுங்கள். தயங்காமல் பதில் சொல்லும் பள்ளியோடு மேலே பேசலாம். "அது மாணவரைப் பொறுத்தது" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், ஐஆருக்குத் தயாராக எத்தனை விமானம் இருக்கிறது, மெக்கானிக் அங்கேயே இருக்கிறாரா, வெளியிலிருந்து வருகிறாரா என்று கேளுங்கள். பள்ளி தன் விமானத்தில் பணம் வாங்கிப் பயிற்சி கொடுத்தால் அந்த விமானத்துக்கு 100 மணி நேரத்துக்கு ஒரு இன்ஸ்பெக்‌ஷன் கட்டாயம். நன்றாக ஓடும் பள்ளியில் அது ஒவ்வொரு விமானத்துக்கும் சில வாரங்களுக்கு ஒருமுறை வந்துவிடும். இரண்டே விமானம் வைத்திருக்கும் இடத்தில் ஒன்று படுத்தால் பாதிப் பள்ளி படுத்த மாதிரி.

இன்ஸ்ட்ரக்டரிடம் அவருடைய மொத்த மணி நேரத்தைக் கேளுங்கள். இது மரியாதைக் குறைவான கேள்வி இல்லை, இங்கே எல்லாரும் கேட்பதுதான். அமெரிக்க ஏர்லைனில் சேர ஏடிபி லைசென்ஸுக்குப் பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும். பெரும்பாலான இளம் இன்ஸ்ட்ரக்டர்கள் அந்த எண்ணை நோக்கித்தான் பறக்கிறார்கள், அதில் தவறும் இல்லை. ஆனால் 1,400-இல் இருப்பவரிடம் சேர்ந்தால் உங்கள் பயிற்சி பாதியில் இருக்கும்போதே அவருக்கு ஏர்லைனிலிருந்து அழைப்பு வந்துவிடும். அடுத்து வருபவர் உங்களைத் தெரிந்துகொள்ளவே பல பாடங்கள் போகும், அதற்கும் நீங்கள்தான் கட்டுவீர்கள். வேறொரு மாநிலத்திலிருந்து என்னிடம் வந்த ஒரு பையனுக்கு இதுதான் நடந்திருந்தது. பறந்த கணக்கை எழுதும் லாக்புக்கில் நாற்பதுக்கு மேல் இன்ஸ்ட்ருமென்ட் மணி நேரம், பக்கத்துக்குப் பக்கம் வேறு வேறு கையெழுத்து, ஆனால் ஒரு ஹோல்டுக்குள் எப்படி நுழைவது என்று யாரும் முழுதாகச் சொல்லித்தரவில்லை. கெட்டிக்காரப் பையன். உட்கார்ந்து ஒழுங்காகச் சொன்னதும் பிடித்துக்கொண்டான். அவன் அப்பாவின் பணத்தை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

இப்போது சட்டப்படி எவ்வளவு வேண்டும் என்று பார்ப்போம். அமெரிக்க விமானத் துறையான எஃப்ஏஏவின் பார்ட் 61 விதிப்படி பிஐசியாக (விமானத்துக்குப் பொறுப்பான பைலட்டாக) 50 மணி நேரம் கிராஸ்-கன்ட்ரி (ஓர் ஊரிலிருந்து வேறு ஊருக்குப் பறப்பது), 40 மணி நேரம் இன்ஸ்ட்ருமென்ட். அந்த 40-இல் குறைந்தது 15 மணி நேரம் இன்ஸ்ட்ருமென்ட் இன்ஸ்ட்ரக்டரோடு இருக்க வேண்டும். 250 நாட்டிகல் மைல் ஐஎஃப்ஆர் (கருவி விதிப்படிப் பறக்கும்) பயணம் ஒன்றும் உண்டு. அதில் மூன்று வேறுவேறு வகை அப்ரோச் (கருவி வழிகாட்டுதலில் ஓடுபாதையை நோக்கி இறங்குவது) செய்தாக வேண்டும். எஃப்ஏஏ ஒப்புதல் பெற்ற பாடத்திட்டத்தில் நடக்கும் பார்ட் 141 பள்ளியில் இன்ஸ்ட்ருமென்ட் 35 மணி நேரம் போதும், அந்த 50 மணி நேர கிராஸ்-கன்ட்ரியும் கட்டாயமில்லை. விளம்பரங்களில் இதைத்தான் மலிவு என்று காட்டுவார்கள். இந்தியா திரும்புகிறவர் இங்கே கவனிக்க வேண்டும். இந்திய விமானத் துறையான டிஜிசிஏவுக்கு 40 மணி நேரம் இன்ஸ்ட்ருமென்ட் வேண்டும், 50 மணி நேரம் பிஐசி கிராஸ்-கன்ட்ரியும் வேண்டும். 35-இல் முடித்துவிட்டுப் போனால் மிச்சத்தை ஊரில், ஊர் விலையில் பறக்க வேண்டிவரும். சேரும்போதே 40 தாண்டும்படி திட்டம் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

லாக்புக் எழுதுவதிலும் ஒரு வேறுபாடு இருக்கிறது. அமெரிக்க விதிப்படி லைசென்ஸ் வைத்திருப்பவர் இன்ஸ்ட்ரக்டர் பக்கத்தில் இருக்கும்போதும், தானே ஓட்டினால் அதை பிஐசி என்று எழுதலாம். இரண்டு பேர் சேர்ந்து, ஒருவர் வெளிப்பார்வையை மறைக்கும் ஹூட் போட்டு ஓட்ட, மற்றவர் வெளியே கவனிக்கும் சேஃப்டி பைலட்டாக உட்கார்ந்து, இரண்டு பேருமே பிஐசி எழுதுவதும் இங்கே சட்டபூர்வம். டிஜிசிஏ இவற்றை பிஐசியாக எடுத்துக்கொள்வதில்லை. "ரெண்டு பேர் சேர்ந்தால் பாதிச் செலவு" என்று ஒரு பள்ளி சொன்னால் அமெரிக்கருக்கு அது நல்ல யோசனை, உங்களுக்கு இல்லை. டூயல் (இன்ஸ்ட்ரக்டரோடு பறந்தது) தனி, சேஃப்டி பைலட் தனி, உண்மையான பிஐசி தனி என்று முதல் பக்கத்திலிருந்தே பிரித்து எழுதுங்கள்.

செலவைக் குறைக்க நேர்மையான வழி சிமுலேட்டர். பார்ட் 61-இல் ஏஏடிடி என்ற வகையில் 20 மணி நேரம் வரை கணக்கில் எடுக்கலாம், டிஜிசிஏவும் 20 வரை ஏற்கிறது. விமானம் 170, இன்ஸ்ட்ரக்டர் 70 என்றால் 40 மணி நேரமும் வானில் பறக்க 9,600 டாலர். அதில் 20 மணி நேரத்தை, மணிக்கு 80 வாங்கும் சிமுலேட்டரில் செய்தால் மொத்தம் 7,800. பணத்தை விடுங்கள், பாடமே அதில்தான் நன்றாக ஏறும். நடுவில் நிறுத்தலாம், அதே அப்ரோச்சை உடனே மறுபடி செய்யலாம், ஒரு கருவியைச் செயலிழக்க வைத்துக் காட்டலாம். அந்த சிமுலேட்டருக்கு எஃப்ஏஏ கொடுத்த அனுமதிக் கடிதத்தின் நகலை மட்டும் மறக்காமல் வாங்கி வையுங்கள். ஊரில் அதிகாரி கேட்பார். வீட்டு கம்ப்யூட்டரில் பறப்பது லாக்புக்கில் ஏறாது, ஆனால் ஹோல்டிங், இன்டர்செப்ட் (குறித்த பாதையைப் பிடிப்பது) எல்லாம் கிளம்புவதற்கு முன்பே கைக்கு வந்துவிடும். எழுத்துத் தேர்வுக்கும் ஊரிலேயே படித்துவிட்டு வாருங்கள். ஒரே தாள், 60 கேள்வி, 70 சதவீதம் எடுத்தால் பாஸ். எஃப்ஏஏ தன் பாடநூல்களை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. இங்கே வந்து வாடகை கட்டிக்கொண்டு அதைப் படிக்காதீர்கள்.

கட்டணத்தைப் படிக்கும்போது வெட் ரேட்டா, டிரை ரேட்டா என்று பாருங்கள். வெட் என்றால் எரிபொருள் சேர்த்து. ஹாப்ஸ் மீட்டரா, டாக் மீட்டரா என்பதும் முக்கியம். ஹாப்ஸ் பொதுவாக இன்ஜின் ஓடும் நேரம் முழுக்க ஓடும். டாக் இன்ஜின் வேகத்தைப் பொறுத்தது, டாக்ஸி செய்யும்போது மெதுவாக நகரும். ஐஆர் பயிற்சியில் கன்ட்ரோலரின் அனுமதிக்காகத் தரையில் காத்திருக்கும் நேரம் அதிகம் என்பதால், எண் ஒன்றாக இருந்தாலும் டாக் மீட்டர் பள்ளி மலிவு. கடைசிப் பறப்புத் தேர்வை (செக்ரைடு) எடுக்கும் எக்ஸாமினர் கட்டணம் தனி, ஆயிரம் டாலரைத் தாண்டுவதும் உண்டு. அதை விடப் பெரிய செலவு எக்ஸாமினருக்காகக் காத்திருப்பது. பல ஊர்களில் வாரக்கணக்கில் தேதி கிடைப்பதில்லை, அதுவரை கை மறக்காமலிருக்கப் பறந்துகொண்டே இருக்க வேண்டும். "செக்ரைடுக்கு இப்போது எத்தனை வாரம்?" என்று ஒவ்வொரு பள்ளியிடமும் கேளுங்கள்.

அடுத்து, ஊர். அரிசோனாவில் வருடம் முழுக்க வெயில். பாடம் ரத்தாகாது, சீக்கிரம் முடியும், ஆனால் நிஜ மேகத்துக்குள் போகாமலே ரேட்டிங் வாங்கிவிடலாம். ஃப்ளோரிடாவில் கோடையில் மத்தியானமானால் இடிமேகம், காலை ஸ்லாட் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். வட மாநிலங்களில் குளிர்காலம் முழுக்க மேகம்தான், ஆனால் அதற்குள் ஐசிங் (விமானத்தில் பனிக்கட்டி படிவது). சாதாரண செஸ்னா 172-இல் அதற்குள் போகக் கூடாது. எங்கள் கடற்கரையில் மே, ஜூன் மாதங்களில் காலையில் கடலிலிருந்து தாழ்வான மேகப் போர்வை ஒன்று வந்து படியும். ஐஸ் இல்லை, இடி இல்லை, பெரிய குலுக்கல் இல்லை. ஏறினால் கொஞ்ச நேரத்தில் மேலே வெயில். ஒரே காலையில் பல தடவை நிஜமான ஐஎல்எஸ் (ரேடியோ சிக்னலைப் பிடித்து ஓடுபாதைக்கு இறங்கும்) அப்ரோச் செய்யலாம். முதல் முறை ஹூட் இல்லாமல் ஜன்னல் முழுக்க வெள்ளையாகும்போது மாணவர் கை கன்ட்ரோலை இறுக்கிப் பிடிப்பதைப் பார்ப்பேன். மூன்றாவது முறையில் அந்தப் பிடி தளர்ந்துவிடும். அதை எந்த ஹூடாலும் கற்றுக்கொடுக்க முடியாது. என் ஊர் என்பதால் சொல்லவில்லை. வாடகை இங்கே கூடுதல்தான். ஆனால் நிஜ மேகத்தில் சில மணி நேரமாவது கிடைக்கும் இடமாகப் பாருங்கள்.

பள்ளியின் ஒழுங்கை அளக்க எனக்குப் பிடித்த வழி, விமானத்தின் ஜிபிஎஸ்ஸை ஆன் செய்து டேட்டாபேஸ் தேதியைப் பார்ப்பது. 28 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது அது. ஐஆர் கற்றுத்தரும் விமானத்தில் அது காலாவதியாகிக் கிடந்தால் மற்ற பராமரிப்பையும் சந்தேகிக்கலாம். நேரில் போக முடியாது என்றால் வீடியோ காலில் காட்டச் சொல்லுங்கள். விமானம் பழசாக இருந்தால் பரவாயில்லை. வட்ட முள் கருவிகளோடு ஒரு வாஸ் (செயற்கைக்கோள் வழித் திருத்தம் பெறும்) ஜிபிஎஸ் இருந்தால் ஐஆருக்குத் தாராளம். கருவிகளுக்குப் பதில் திரைகள் உள்ள கிளாஸ் காக்பிட்டுக்காகக் கூடுதல் பணம் கட்டத் தேவையில்லை.

விசா விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டூரிஸ்ட் விசாவில் வந்து பயிற்சி எடுக்கக் கூடாது. எஸ்இவிபி (வெளிநாட்டு மாணவர்களுக்கான அமெரிக்க அரசுத் திட்டம்) அங்கீகாரமுள்ள பள்ளி ஐ-20 என்ற சேர்க்கைப் படிவம் தர வேண்டும், அதை வைத்து எம்-1. மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டாலர், பாதுகாப்புத் துறையான டிஎஸ்ஏவின் பின்னணிச் சோதனைக்கு 140, கைரேகையும் உண்டு. உங்கள் இந்திய லைசென்ஸை எஃப்ஏஏ சரிபார்க்க மாதக்கணக்கில் ஆகலாம், அதனால் அந்த விண்ணப்பத்தை எல்லாவற்றுக்கும் முன்பே அனுப்புங்கள்.

தென்னாப்பிரிக்காவில் ராண்ட் மதிப்பால் மணிக் கட்டணம் குறைவு. ஆனால் ஐஆருக்கென்று தனியாகப் பல எழுத்துத் தேர்வுகள் உண்டு, ஜோஹன்னஸ்பர்க் பக்கம் கோடை மத்தியானங்களில் இடிமழை. அந்தக் கூடுதல் வாரங்களை உங்கள் கணக்கில் சேருங்கள். ஐரோப்பாவில் ஏழு பாடத் தேர்வுகள், பெட்ரோல் விலை, ஒவ்வொரு அப்ரோச்சுக்கும் லேண்டிங்குக்கும் கட்டணம். அமெரிக்காவில் பெரும்பாலான விமான நிலையங்களில் பயிற்சி அப்ரோச்சுக்கு யாரும் பில் போடுவதில்லை. இங்கே ஐஆர் மலிவாக இருப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். இந்திய ஏர்லைனுக்கு மல்ட்டி இன்ஜினில் ஐஆர் வேண்டும் என்பதால், 40 மணி நேரத்தையும் இரட்டை இன்ஜினில் எரிக்காதீர்கள். சிங்கிளில் ஐஆர் முடித்துவிட்டு, மல்ட்டி செக்ரைடில் இன்ஸ்ட்ருமென்ட் அப்ரோச்சையும் செய்து காட்டுங்கள்.

எந்த நாடானாலும் முழுப் பணத்தை முன்கூட்டிக் கட்டாதீர்கள். 2008 பிப்ரவரியில் நெவாடாவின் சில்வர் ஸ்டேட் ஹெலிகாப்டர்ஸ் திடீரென்று மூடியபோது, கடன் வாங்கி முன்பணம் கட்டியிருந்த ஏராளமான மாணவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். 2023-இல் ஸ்காட்லாந்தின் டேசைட் ஏவியேஷன் மூடியபோதும் மாணவர்கள் பணம் சிக்கியது. பத்து சதவீதத் தள்ளுபடி என்று ஆசை காட்டுவார்கள். அடுத்த ஐந்தாறு பாடங்களுக்கு மேல் ஒரு டாலரும் அவர்கள் கணக்கில் கிடக்க வேண்டாம். பயன்படுத்தாத பணத்தை எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே முதல் தொகையை அனுப்புங்கள். உங்களிடம் இருக்கும் மூன்று பள்ளிகளிடமும் இந்தக் கேள்விகளைக் கேட்டுவிட்டு, வந்த பதில்களைக் கீழே கமென்ட்டில் போடுங்கள். கட்டண விவரத்தை வரிவரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.