7.2 கிலோவாட் இண்டக்‌ஷன் அடுப்புக்கு எம்சிபி மட்டும் போதுமா, ஆர்சிசிபியும் வேண்டுமா?

இரண்டும் வேண்டும். எம்சிபி காப்பாற்றுவது வயரை: கரண்ட் அளவு மீறினால் தானாக அணையும் ("விழும்"). ஆளைக் காப்பாற்றுவது ஆர்சிசிபி: கரண்ட் வெளியே கசிந்தால் அணையும். ஒன்று இருப்பதால் மற்றதை விட்டுவிட முடியாது.

முதலில் கணக்கு. 7200-ஐ 230-ஆல் வகுத்தால் 31.3 ஆம்பியர். ஆகவே 32 ஆம்பியர் எம்சிபி, 6 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர், போர்டிலிருந்து அடுப்புக்கென்றே தனி லைன். சாதா 16 ஆம்பியர் பிளக் இதற்கு ஆகாது. டபுள் போல் ஐசோலேட்டர் (ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் சுவிட்ச்) வைத்து நேரடியாக இணைக்க வேண்டும். ஒரே பைப்பில் வேறு லைன்களும் நெருக்கியடித்துப் போனாலோ, வயர் போகும் இடம் சூடானதாக இருந்தாலோ 10 ஸ்கொயர் போடுங்கள்.

எம்சிபி அடிக்கடி விழுகிறதே என்று 40 ஆம்பியர் மாட்டிவிடுவார்கள். 40 ஆம்பியர் எம்சிபி வழியாக 45 ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினாலும் அது விழாது, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். உள்ளே 4 ஸ்கொயர் வயர் இருந்தால் அதற்குள் இன்சுலேஷன் வெந்துவிடலாம்.

எம்சிபியில் பி கர்வா, சி கர்வா? எத்தனை மடங்கு கரண்டில் உடனே விழும் என்பதைச் சொல்வது இந்தக் கர்வ். அடுப்புக்கு மோட்டார் மாதிரி பெரிய ஸ்டார்டிங் கரண்ட் கிடையாது, பி கர்வ் போதும். ஷார்ட் ஆனால் பி32 அதிகபட்சம் 160 ஆம்பியரில் உடனே விழும். சி32-க்கு 320 வரை தேவைப்படலாம். வயர் நீளமாகப் போகும் இடத்தில் அவ்வளவு கரண்ட் வராமலே போகலாம்.

ஆர்சிசிபியில் 30 மில்லி ஆம்பியர் (கசிவு அளவு), ஏ டைப், 40 ஆம்பியர் ரேட்டிங். கடையில் விலை குறைவாகக் கிடைக்கும் ஏசி டைப் வேண்டாம். இண்டக்‌ஷன் அடுப்புக்குள் ஏசியை டிசியாக மாற்றும் ரெக்டிஃபையர் இருப்பதால் கசிவு துடிப்பு டிசியாக (ஒரே திசையில் துடித்துத் துடித்துப் பாயும் கரண்டாக) வரலாம்; ஏசி டைப் அதைக் கண்டுகொள்ளும் என்று நம்ப முடியாது. அடுப்பின் மேனுவலில் எஃப் அல்லது பி டைப் கேட்டிருந்தால் அதையே போடுங்கள். இடம் குறைவென்றால் இரண்டு வேலையும் சேர்ந்த ஆர்சிபிஓ வாங்கலாம், எனக்கு அதுதான் பிடிக்கும்: விழுந்தால் அடுப்பு மட்டும் நிற்கும், வீடு இருளாது.

ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டன் வேலை செய்கிறது, எனவே எர்த் சரி என்று எண்ணாதீர்கள். எர்த் வயரே இல்லாவிட்டாலும் அந்தப் பட்டனை அழுத்தினால் ஆர்சிசிபி விழும். எர்த் இல்லையென்றால் கசிவு அடுப்பின் உடம்பிலேயே நிற்கும். நீங்கள் தொட்ட பிறகுதான் ஆர்சிசிபிக்குத் தெரியும். எர்த்தைத் தனியே மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

மாட்டிய அன்றே ஆர்சிசிபி விழுந்தால் பெரும்பாலும் அடுப்பில் குறையில்லை. அடுப்பின் நியூட்ரல் போர்டில் வேறு லைனின் நியூட்ரலோடு கலந்திருக்கும், இல்லையேல் எங்காவது எர்த்தைத் தொட்டிருக்கும். ஓவன் சேர்ந்த மாடலானால் நெடுநாள் சும்மா கிடந்த ஹீட்டர் ஈரம் இழுத்தும் விழவைக்கும்.

இவை எதுவும் கண்டுபிடிக்காத ஒன்று லூஸ் டெர்மினல் (வயர் முனை இறுகாத இணைப்பு). கரண்ட் அதிகமாகாது, கசியவும் செய்யாது. திருகு மட்டும் கொதிக்கும். மல்டி ஸ்டிராண்ட் (பல இழை) வயரென்றால் முனைக்கு ஃபெர்ரூல் (இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் உலோகக் குழல்) போட்டு, தயாரிப்பாளர் சொன்ன டார்க்கில் (இறுக்கும் அளவில்) முறுக்க வேண்டும். சில வாரம் கழித்து மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள்; ஐசோலேட்டர் முனையில் இன்சுலேஷன் பழுப்பேறியிருந்தால் கருகிய பகுதியை வெட்டிவிட்டு, புது முனையாகத்தான் மறுபடி மாட்ட வேண்டும்.